பார்சர் படிக்காத முதல் வரி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை நான் மறைத்ததே இல்லை. யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முதல் வாக்கியமே இதுதான். இதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றதற்கு மதிப்பு. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டி. கிடைத்தது ஓர் அரசாங்க ஆபீஸ் காண்டீனில் தட்டுக் கழுவும் வேலை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டைப்பிஸ்டுகள் எழுந்து போன பிறகு, காலியாகக் கிடந்த மெஷினில் உட்கார்ந்து விரல் பழகினேன். யாரும் கற்றுத் தரவில்லை. அதட்டினார்கள், அதையும் கேட்டுக்கொண்டே பழகினேன். சில வருஷம் கழித்து, அதட்டிய அதே ஆட்கள் தங்கள் சொந்த மனுக்களைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலில், "ஜல்தி கர் தோ, பாயீ" என்று, சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லி நின்றார்கள். உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். ஆனால் ஜல்தி பண்ணவில்லை.

கடை ஆர்.கே.புரத்தில், ஒரு செக்டர் மார்க்கெட்டின் மாடியில் இருந்தது. கீழே தையல்காரர், பக்கத்தில் மருந்துக் கடை. தில்லியில் எந்தத் தமிழ்க் குமாஸ்தாவுக்கு டிரான்ஸ்ஃபர் ரத்தாக வேண்டுமோ, குவார்ட்டர்ஸ் மாற வேண்டுமோ, அவர் மலை மந்திருக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வருவார். காரியம் நடந்தால் முருகனுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தாளும் கடையை விட்டு வெளியே போகாது. இங்கிலீஷ் மெஷினில் 'உ' இருக்காது. அதனால் தாளின் உச்சியில், நட்டநடுவில், 2 அடித்து, ஒரு தட்டுப் பின்னால் நகர்த்தி, அடியில் ஒரு கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சுழிதான். மந்திரி ஆபீசுக்குப் போன மனுவிலும் அது இருந்தது. ஒரு வடக்கத்தி ஆபீசர் ஒருமுறை, "யே தோ நம்பர் க்யா ஹை?" என்று அந்த இரண்டைக் காட்டிக் கேட்டார். "ஃபைல் நம்பர், சாப்" என்றேன். "அச்சா" என்று கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் வாங்கிய பிறகும் வழக்கம் மாறவில்லை. அதில் பின்னால் நகர்த்தி மேலேயே அடிக்க முடியாது என்பதால் 2, பக்கத்தில் ஒரு கோடு. பிள்ளையார் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

அந்த மார்க்கெட்டிலேயே முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவன் நான். ஆனால் இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்துக்குள் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். மனு எழுதுகிறவனே டைப் அடித்துக்கொண்டான். எவ்வளவு கேவலமாக அடித்தாலும் யாரும் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது. கடையில் பாதிப் பகல் மின்விசிறிதான் வேலை பார்த்தது. என் பையனுக்கு ஏர்போர்ட்டில் உத்தியோகம். துவாரகாவில் ஒரு சொஸைட்டியில் ஃபிளாட் வாங்கியிருந்தான். எங்களுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கி வைத்திருந்தான். என் மனைவிக்கு அங்கே போக ஆசை.

"ஹோலிக்குக் கடை ஒப்பந்தம் முடியுதுல்ல? அதுவரைக்கும் பாருங்க. நிலையா ஒரு வேலை வந்துச்சுன்னா நான் வாயத் தெறக்கல. வரலைன்னா பூட்டிட்டு துவாரகா போயிடணும், ஆமா" என்றாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். சாப்பிடும்போது கேட்டால் நான் சரி என்றுதான் சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும். சரி என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே ஆடிப்போய்விட்டேன். பணத்துக்காக அல்ல, பையன் இருக்கிறான், கடவுள் குறை வைக்கவில்லை. கடை இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது. காண்டீனுக்குப் பிறகு கடை. நடுவில் வேறு எதுவாகவும் நான் இருந்ததில்லை. துவாரகாவில் காலையில் பார்க்கில் நடக்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். "நான் இன்ன மினிஸ்ட்ரியில் இன்னதாக ரிடையர் ஆனேன்" என்றுதான் கைகுலுக்குவார்கள். நான் என்ன சொல்வது?

அந்தச் சமயத்தில்தான், ஒரு கிருத்திகையன்று மலை மந்திர் படியில் என் மனைவிக்குத் தெரிந்த ஓர் அம்மாள், தன் மகள் வேலை பார்க்கும் கம்பெனியில் பழைய புத்தகங்களை டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். "தேட வேண்டாம்னு சொல்லுங்கம்மா. ஆள் நான்தான்" என்றேன். என்ன புத்தகம் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு ஒத்துக்கொள்வது எல்லோரும் செய்வது.

மகள் வந்தாள். எஞ்சினியர். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகமும் ஒரு ஃபிளாப்பியும்.

"அங்கிள், இது நார்மல் டைப்பிங் இல்ல. மத்லப், லெட்டர் மாதிரி இல்ல. இது ஒரு லாங்வேஜ்" என்றாள்.

"எந்த ஊர் பாஷைம்மா?"

"ஊர் பாஷை இல்ல அங்கிள், மெஷின் பாஷை" என்று விளக்கினாள். அவர்கள் கம்பெனி டெலிபோன் நிலையங்களில் வைக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விசிறி, விளக்கு, கம்பி சொருகும் வாய் எல்லாம் உண்டு. எந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது, எது எண்ணாக வரும், எது எழுத்தாக வரும், எதற்கு ஆன்–ஆஃப் மட்டும்தான் என்று அந்தப் பாஷையில் எழுதி வைத்தால், எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் அதைப் படித்துப் பெட்டியை நலம் விசாரிக்கும். அப்படி எழுதி வைக்கும் பட்டியலுக்கு டேட்டா மாடல் என்று பெயர். பெட்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி மூடிப்போய்விட்டது. அச்சிட்ட புத்தகம்தான் மிச்சம். ஸ்கேன் செய்தால் குப்பையாக வருகிறது.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "குவார்ட்டர்ஸைக் காலி பண்றப்ப என்கொயரி ஆபீஸ்காரன் ஒரு தாளை வச்சுக்கிட்டு, ஃபேன் இருக்கா, டியூப் லைட் இருக்கா, குழாய் இருக்கான்னு டிக் போடுவானே. அதுதானே?"

"அங்கிள், ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு நான் இதையே சொல்லப்போறேன்" என்றாள். பிற்பாடு சொன்னாளாம். ஒக்லாவில் இருந்த அந்தக் கம்பெனியில் என் உதாரணம் ஓடிக்கொண்டிருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபிளாப்பியில் இருந்ததுதான் பார்சர். அடித்து முடித்த கோப்பை அது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து, அந்தப் பாஷையின் இலக்கணம் எங்கே தப்பியிருக்கிறது என்று வரி எண்ணோடு சொல்லும். கறுப்புத் திரை. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. பார்சரின் பெயரை அடித்து, ஓர் இடம் விட்டு, கோப்பின் பெயரை அடித்து, என்டர். எனக்கு அது பிடித்துவிட்டது. பொம்மையைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வது எனக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. அடித்தால் நடக்க வேண்டும்.

"பார்சர் ஒரு எர்ரரும் சொல்லக் கூடாது அங்கிள். இந்த ஒரு புக் பாஸ் ஆச்சுன்னா, இதே மாதிரி ஒரு அல்மாரி முழுக்க இருக்கு, எல்லாம் உங்களுக்கு. இல்லன்னா எங்க பாஸ் நோய்டால ஒரு பார்ட்டிக்குக் கொடுத்துடுவார். அவங்க எல்லாரும் கம்ப்யூட்டர் டிப்ளமா."

"ஹோலிக்கு முன்னாடி உன் பார்சர் வாயை மூடிட்டு உக்காந்திருக்கும், போ" என்றேன்.

என் கடையில் அப்போது மிஞ்சியிருந்த டைப்பிஸ்ட் ஓர் அம்மாள். திருநெல்வேலிக்காரி, கணவர் பட்டாளத்தில். அந்த அம்மாள் கைக்கு இருந்த வேகம் வாய்க்கும் இருந்தது. வாக்கு கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும், "வாக்கு ஒங்களது, விரல் என்னதா சார்?" என்றார். ஆனால் அப்போதே புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாக்கியம் என்று எதுவும் இல்லாத புத்தகம் அது. ஒரு சொல், ஒரு வளைவு அடைப்பு, நாலு சொல், கமா, மறுபடி அடைப்பு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. நாங்கள் பயப்படவில்லை. கடையில் எப்போதும் எப்படியோ அப்படியேதான் செய்தோம். அடித்து முடித்து, தாளில் அச்செடுத்து, நான் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, அந்த அம்மாள் தாளில் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திச் சரிபார்ப்பார். திரையில் பார்த்துத் திருத்துவதை நான் அனுமதித்ததில்லை. தாளில் தெரிகிற தப்பு திரையில் தெரியாது. இது என் அனுபவம். யார் வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் சரிபார்த்து, நல்ல நேரம் பார்த்து, என்டர் தட்டினேன்.

திரை முழுக்க எழுத்து ஓடியது. ஓடி நின்றதும் மேலே போய்ப் பார்த்தோம். முதல் தப்பு, லைன் ஒன். அன்எக்ஸ்பெக்டட் நம்பர். அதாவது முதல் வரியில், தான் எதிர்பார்க்காத ஓர் எண் வந்திருக்கிறதாம்.

அந்த அம்மாள் ஸ்கேலை எடுத்து முதல் வரியில் வைத்தார். புத்தகத்தின் தலைப்புப் பெயர் மட்டும்தான் அங்கே. எழுத்தெல்லாம் அசல்படி. எண்ணே இல்லை.

"நம்பரே இல்லாத வரியில நம்பர் நிக்குன்னுல்லா சொல்லுது. இது படிச்சுட்டுச் சொல்லுதா, சாமி வந்து சொல்லுதா?"

"திரும்ப அடிம்மா அந்த வரியை."

திரும்ப அடித்தார். மறுபடி அதே லைன் ஒன். சரி, அதை விடு, அடுத்ததைப் பார் என்றேன். அடுத்தது அறுபதாம் வரிவாக்கில் கமா இல்லை என்றது. ஸ்கேல் அந்த வரிக்குப் போனது. அங்கே புத்தகத்திலேயே கமா கிடையாது. நான் சொன்னேன்: "புத்தகம் அடிச்சவன் விட்டிருப்பான். மெஷின் கேக்குது, போட்டுடு." போட்டோம். அடைப்பு மூடவில்லை என்றது. அது காட்டிய வரியில் ஓர் அடைப்பு மூடினோம். இப்படியே ஒரு நாள் முழுக்க அது கேட்டதையெல்லாம் கொடுத்தோம். கொடுக்கக் கொடுக்கப் பசி அதிகமானது. காலையில் ஒரு திரை நின்ற தப்பு, சாயங்காலம் மூன்று திரை ஓடியது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஹோலி நெருங்கிக்கொண்டிருந்தது, மார்க்கெட்டில் வண்ணத் தண்ணீர் பீச்சும் பிச்காரி தொங்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு போன் போடலாம் என்று டைப்பிஸ்ட் அம்மாள் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். வாயை மூட வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மூடமாட்டேன் என்கிறது என்று போய் நிற்பதா?

"மெஷின்கிட்டத் தோக்கலாம் சார், குத்தமில்ல. அதுக்கு மானம் ரோசம் கெடையாது, ஊருல போய்ச் சொல்லாது" என்றார்.

"நான் தோக்க மாட்டேம்மா."

"அதான் பாத்துட்டிருக்கேனே, மூணு நாளா."

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தட்டில் மிச்சம் வைத்தேன். நான் மிச்சம் வைக்கிற ஆள் அல்ல. காண்டீனில் தட்டுக் கழுவியவன் மிச்சம் வைக்க மாட்டான். என் மனைவி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் கடை மாடிப்படியில் செருப்புச் சத்தம். அந்த எஞ்சினியர் பெண் முன்னால், டிபன் டப்பாவோடு என் மனைவி பின்னால். அவள்தான் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்து வரவழைத்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது, ஆச்சரியமும் வந்தது. "ஒனக்குத்தான் கடைய மூடணுமே. இது ஊத்திக்கிட்டா ஒனக்கு நல்லதுதானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"மூடத்தான் சொன்னேன். தோத்துட்டு மூடச் சொன்னேனா? தோத்துட்டு வந்து துவாரகால உக்காந்தீங்கன்னா அந்த வீட்டுல யாரால இருக்க முடியும்? ஜெயிச்சுட்டு மூடுங்க" என்றாள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் தாளைத் தொடவே இல்லை. நேராகத் திரையில் கோப்பைத் திறந்தாள். திறந்த வேகத்தில், "அங்கிள், யே க்யா ஹை? மேல ஒரு டூ இருக்கு?" என்றாள்.

"எங்க?"

"இதோ. ஃபர்ஸ்ட் லைன்ல."

"அது ஃபர்ஸ்ட் லைன் இல்லம்மா. அது பிள்ளையார் சுழி."

"சுழின்னா?"

டைப்பிஸ்ட் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார், யாரை நினைத்து என்று தெரியவில்லை. என் மனைவிதான் விளக்கினாள்: எது எழுதினாலும் முதலில் பிள்ளையாரை நினைத்து ஒரு சுழி போடுவது, உங்கள் அம்மா மளிகைச் சீட்டில்கூட போடுவாரே, பார்த்ததில்லையா?

"அந்தக் கொக்கி மாதிரியா? மம்மி பேனா எழுதுதான்னு செக் பண்றாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு திரையைப் பார்த்தாள், ஸ்கேல் வைத்திருந்த தாளைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம். நீங்க லைன் எங்கேர்ந்து கவுன்ட் பண்றீங்க?"

அம்மாள் ஸ்கேலால் காட்டினார்: சுழிக்குக் கீழே, தலைப்பிலிருந்து.

அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. சுழியை நாங்கள் வரியாக எண்ணவே இல்லை. யார் எண்ணுவார்கள்? பார்சர் எண்ணியிருக்கிறது. அது சொன்ன முதல் வரி பிள்ளையார் சுழி. அது அறுபது என்றால் எங்கள் தாளில் அதற்கு முந்தின வரி. மூன்று நாளாக நாங்கள் ஒவ்வொரு தப்புக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, நன்றாக இருந்தவனுக்கு மருந்து கொடுத்திருக்கிறோம்.

டைப்பிஸ்ட் அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அந்தப் பெண் அடுத்து சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"டிலீட் பண்ணிடலாம், அங்கிள். சிம்பிள்."

"டிலீட் பண்ண முடியாது."

"ஏன்?"

"சுழி போடாத தாள் என் கடையை விட்டுப் போனதில்ல. மந்திரிக்கே போயிருக்கு. ஒரு பெட்டியில இருக்கிற விசிறியை எண்றதுக்காகப் பிள்ளையாரை எடுத்துடறதா?"

"அங்கிள், ப்ளீஸ். பார்சருக்கு அது வெறும் நம்பர்."

"அப்ப அதுக்குத்தான் படிப்பு பத்தல."

என் மனைவி குறுக்கே வரவில்லை. அவள் வந்திருந்தால் ஒருவேளை நான் இறங்கியிருப்பேன். அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சின்ன வயசுப் பெண்தான், ஆனால் எரிச்சல்படவில்லை. அதை இன்றைக்கும் பாராட்டுவேன்.

"அச்சா. அப்போ இப்படிப் பண்ணலாமா? இந்த லாங்வேஜ்ல ரெண்டு டேஷ் போட்டு எது எழுதினாலும், அது நமக்காக எழுதினது. பார்சர் அதைப் படிக்காது, தாண்டிப் போயிடும். சுழிக்கு முன்னாடி ரெண்டு டேஷ் போட்டுடுங்க. சுழி இருக்கும், எர்ரர் வராது."

"படிக்காதுன்னா? அலட்சியமா?"

"அலட்சியம் இல்ல அங்கிள். அது அதுக்கான ஆள் இல்ல, அவ்ளோதான்."

நான் யோசித்தேன். காண்டீன் காலத்தில், ஊரிலிருந்து வரும் கடிதங்களை எழுத்துத் தெரியாத சக ஊழியர்களுக்கு நான் படித்துக் காட்டுவேன். தலையில் சுழி இருக்கும். அதை நான் ஒருநாளும் வாய்விட்டுப் படித்ததில்லை. யாருமே படிக்க மாட்டார்கள். 'உ, அன்புள்ள தம்பிக்கு' என்றா படிப்பார்கள்? சுழி படிப்பதற்கு உள்ளது அல்ல, இருப்பதற்கு உள்ளது. அப்படியானால் இந்தப் பாஷையைச் செய்தவன், எவனோ வெள்ளைக்காரன், அதற்கும் ஓர் இடம் விட்டுத்தான் செய்திருக்கிறான்.

"போடு ரெண்டு டேஷ்" என்றேன். நானே ஒரு நல்ல யோசனை சொன்னதுபோல.

அந்தப் பெண் போவதற்கு முன் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். பார்சர் நூறு தப்புச் சொன்னால் நூறையும் துரத்தக்கூடாது. முதல் தப்பை மட்டும் திருத்தி, மறுபடி என்டர். பின்னால் வருவதில் முக்கால்வாசி முதல் தப்பு போட்ட குட்டிகள். இதை நான் அப்புறம் கல்யாண வீடுகளில், சங்கத்துக் கூட்டங்களில், எத்தனையோ சண்டைகளில் சொல்லித் தீர்த்து வைத்திருக்கிறேன். எல்லோரும் என் சொந்தச் சரக்கு என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

அவள் போனதும், சும்மா இருக்காமல் நான் ஒரு காரியம் செய்தேன். பார்சர் படிக்காத இடம் ஒன்று கிடைத்திருக்கிறதே, அதில் சுழி மட்டும் ஏன்? சுழிக்குப் பக்கத்தில் அழகுக்காக இன்னும் இரண்டு டேஷ் போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் 'முருகன் துணை' என்றும் அடித்தேன். என்டர் தட்டினேன்.

லைன் ஒன். அன்எக்ஸ்பெக்டட் முருகன்.

டைப்பிஸ்ட் அம்மாள் கிட்ட வந்து படித்தார். "முருகன் வருவாருன்னு அது எதிர்பாக்கலையாம் சார்" என்றார். என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பாஷையில் முதல் இரண்டு டேஷ் கதவைச் சாத்தும். அதே வரியில் அடுத்த இரண்டு டேஷ் வந்தால் கதவைத் திறந்துவிடும். நான் போட்ட அழகு டேஷ் கதவைத் திறந்து, முருகனைக் கொண்டுபோய் நேராகப் பார்சர் முன்னால் நிறுத்திவிட்டது. அண்ணன் உள்ளே, தம்பி வெளியே. அழகு டேஷை எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். லைன் ஒன் தப்பு போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது சாதாரண உழைப்பு. அது எனக்குப் பழக்கம். நாங்கள் தானமாகக் கொடுத்த கமாக்களையெல்லாம் திரும்பப் பிடுங்கினோம். அடைப்புகளைத் திறந்துவிட்டோம். தாளில் ஸ்கேலைச் சுழியிலிருந்தே வைத்தோம். முதல் தப்பு, திருத்து, என்டர். முதல் தப்பு, திருத்து, என்டர். ஒவ்வொரு தடவையும் திரை குட்டையாகிக்கொண்டே வந்தது. புத்தகத்தில் நிஜமாகவே இருந்த அச்சுப் பிழை ஒன்றைப் பார்சர் பிடித்தது. டைப்பிஸ்ட் அம்மாள் விட்ட சிலவற்றைப் பிடித்தது. நான் படிக்கும்போது தாண்டிய ஒரு முழு வரியையும் பிடித்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல விடவும் இல்லை.

ஹோலிக்கு முந்தின வாரம், ஒரு முற்பகல். என்டர் தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. கர்சர் அடுத்த வரிக்கு வந்து கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"செத்துட்டுதா?" என்றார் அம்மாள்.

இன்னொரு தடவை தட்டினேன். ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை. இத்தனை நாள் நின்றால் தப்பு, நடந்தால் தப்பு என்று கத்தியது, திடீரென்று பேசாமல் போனால் என்ன அர்த்தம்? அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். அப்போது கூச்சமெல்லாம் போயிருந்தது.

"என்ன சொல்லுது அங்கிள்?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதும்மா. கெட்டுப்போச்சு போல."

"ஒண்ணுமே சொல்லலையா? அங்கிள், அதான் பாஸ்! தப்பு இல்லன்னா அது ஒண்ணுமே சொல்லாது."

"சபாஷ்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அது அப்படித்தான் அங்கிள். டென்ஷன் எடுக்காதீங்க. கொண்டுவந்து கொடுங்க."

போனை வைத்துவிட்டு அம்மாளிடம் சொன்னேன். நம்பவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு கமாவைப் பிடுங்கிவிட்டு என்டர் தட்டினார், உடனே கத்தியது. திரும்பப் போட்டார், மௌனம். "ஆமா, உசுரோடதான் இருக்கு" என்றார். நான் மூன்றாவது முறையும் தட்டிப் பார்த்தேன், தேவைக்காக அல்ல. அந்த மௌனத்தை இன்னொரு தடவை கேட்கலாம் என்றுதான்.

ஒக்லா ஆபீசில் அவர்கள் மெஷினிலும் ஓட்டினார்கள். நான் பின்னால் கைகட்டி நின்றேன். அந்தப் பெண்ணின் பாஸ் பஞ்சாபிக்காரர், என் வயசுக்குப் பாதி. என்டர் தட்டினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீக் ஹை. அல்மாரி பிஜ்வா தோ" என்றார். அல்மாரியையே அனுப்பிவிடு என்று. நோய்டாவிலிருந்து டிப்ளமாக்காரர்கள் அனுப்பிய மாதிரிக் கோப்பு அதே மேஜையில் இருந்தது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள், ஆனால் ஹோலிக்குப் பிறகுதான் தருவோம் என்றிருந்தார்கள். நான் முன்னாலேயே போய் நின்றேன். வாழ்க்கையில் என் சாமர்த்தியம் பெரும்பாலும் அதுதான், முன்னாலேயே போய் நிற்பது.

கடை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. பார்சர் பேசாவிட்டால் பாஸ். வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது என்பது முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா? இரண்டாம் நாள் சாயங்காலம் நானே ஆரம்பித்தேன்.

"துவாரகா போகலாம். சாமானை எடுத்துக்கிட்டு இந்த மாசமே போகலாம்."

"கடை?"

"அங்கேர்ந்து பஸ்ல வந்துட்டுப் போறேன்."

"அவ்வளவு தூரம்? தெனமுமா?"

"ஏன், எல்லாரும் ஆபீஸ் போகலையா? எனக்கும் ஆபீஸ்தான்."

அவள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். "அப்ப காலைல ஏழு மணிக்கெல்லாம் சாப்பாடு கட்டணுமா?" என்று அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

துவாரகா பார்க்கில் இப்போது நானும் கைகுலுக்குகிறேன். எட்டாம் வகுப்பு, டைப்பிங், டேட்டா மாடல் வேலை என்று சொல்வேன். கடைசியாகச் சொன்னது என்ன என்று கேட்பார்கள். கேட்டால்தான் நான் உட்கார்ந்து சொல்ல முடியும். நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சிலர் இரண்டாம் முறை என்னைப் பார்த்தால் பாதையை மாற்றிக்கொண்டு போகிறார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்குப் பொறாமை.

அந்த வருஷம் ஹோலிக் கறை காயாத ஒரு திங்கட்கிழமை புத்தகங்கள் வந்தன. அல்மாரியோடு அனுப்பச் சொன்னவர் நிஜமாகவே அல்மாரியோடு அனுப்பிவிட்டார். மாடிப்படியில் அது திரும்பவில்லை. தையல்காரரும் மருந்துக் கடைக்காரரும் கைகொடுத்து, கதவைக் கழற்றி, புத்தகங்களைத் தனியாக ஏற்றி, நாற்காலிகளைத் தள்ளி இடம் பண்ணினோம். டைப்பிஸ்ட் அம்மாள் இருப்பதிலேயே தடிமனான ஒன்றை உருவி எடுத்துத் தூசியை ஊதினார். புரட்டினார். இன்னும் புரட்டினார்.

"இது ஹோலிக்குள்ள முடியும்னு யார்ட்டயாவது சொல்லி வச்சிருக்கீயளா?"

"அடுத்த ஹோலிக்குன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப மொதல்ல டீ சொல்லுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.